ஐஸ்காரக்காவும் மூடிய திட்டும்

“எல்லை எதுன்னு சொல்லிட்டுக் கூடையத் தூக்கு.”

உடைத்த ஐஸ் நிரம்பிய கூடையின் மேல் மண்வெட்டியைக் குறுக்கே வைத்து மறித்திருக்கிறார் ஐஸ்காரக்கா. எதிரே ஓர் இளவட்டப் படகுக்காரன். அவனுக்குப் பின்னால் துறைமுகச் சுவர் வரைக்கும் கூடைகளோடு வரிசை. பிற்பகல் வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருக்கிறது. கூடையின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது.

“அக்கா, உருகுதுக்கா.”

“ஐஸ்னா உருகத்தான் செய்யும். அத நான் தடுக்க முடியுமா? நீ வாயத் திறந்தா போதும்.”

“வடக்க ஆத்து வாய், தெக்க பழைய பாலம், கடல் பக்கம் மஞ்சள் மிதவை” என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான்.

“அந்த மூணுக்கும் உள்ள?”

“வலை கிடையாது, தூண்டில் கிடையாது, நங்கூரம் கிடையாது.”

“போ, மகராசனா போ.”

மண்வெட்டி விலகுகிறது, அவனுடைய பத்துப் பன்னிரண்டு கூடைகளும் ஒவ்வொன்றாக நகர்கின்றன. அடுத்து நிற்பவன் தன் முறை வருவதற்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொள்கிறான். இந்தத் துறைமுகத்தில் ஐஸ் வேண்டுமென்றால் பாடம் ஒப்பித்தாக வேண்டும். வேறு ஆலை கிடையாது.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய, திடமான உடம்பு. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அது கணவருடையது, அளவில் பெரியது, அதனால் அக்கா வருவதற்கு முன்பே ‘களக் களக்’ என்று சத்தம் வந்துவிடும். ஊரே வியர்த்து வழிகிற மாதத்திலும் கம்பளிச் சட்டை, தலையில் துண்டு. ஐஸ் பாளம் சரிவுப் பலகையில் வழுக்கி வந்ததும் கொக்கியால் ஓர் இழுப்பு, உடைக்கிற மிஷினின் வாய்க்குள் ஒரு தள்ளு. அந்த மிஷினுக்கு மேல் பேசிப் பேசிக் குரலைத் தணிப்பது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அவர் வீட்டில் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். கணவர் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். பேச்சில் மகா சிக்கனம். “எங்க வீட்ல ரெண்டு பேர் பேச வேண்டியதையும் நானே பேசிடுறேன், அவருக்கு அலைச்சல் மிச்சம்” என்பார் அக்கா.

நான் அந்த மிஷினுக்கு எதிர் மாடியில் குடியிருக்கிறேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா என்ன? குடிவந்த புதிதில் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல இறங்கிப் போனேன். திரும்பி மாடியேறும்போது என் கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம் இருந்தது. என் தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எப்படி ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. புகார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஐஸ் விற்கிறாரே தவிர யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாதவர். மீன்வளத் துறை அதிகாரி வந்தாலும், ஆலை முதலாளியே வந்தாலும் ஒரே வரவேற்புதான்: “ஓரமா நில்லுங்க, ஈரம், வழுக்கும்.”

விஷயம் இதுதான். கரையில் நின்று பார்த்தாலே அலை நுரைப்பது தெரிகிற தூரத்தில் கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. மீன்கள் முட்டையிடவும், குஞ்சுகள் ஒளிந்து வளரவும் அமைந்த இடம். பக்கத்திலேயே இருந்ததால் சின்னப் படகு, பெரிய படகு என்று எல்லாரும் அங்கேயே போய் அரித்தெடுத்தார்கள். அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்று அறிவித்து, முதலில் மூன்று வருஷத்துக்கு மூடிப் பார்ப்பதாகச் சொன்னது. கெடு முடியும்போது படகுக்காரர் சங்கம் கூடி முடிவு சொல்ல வேண்டும். சங்கம் சரி என்றால் திட்டு மூடியே இருக்கும், வேண்டாம் என்றால் திறந்துவிடுவார்கள். அந்த ஒரு கூட்டத்துக்காகத்தான் ஐஸ்காரக்கா கூடைகளை மறிக்க ஆரம்பித்தார்.

கடல்மேல் அத்தனை காதலா என்று ஒருநாள் கேட்டேன்.

“காதலாவது கத்தரிக்காயாவது. மீன் இல்லன்னா ஐஸ் எதுக்கு? ஐஸ் எதுக்குன்னு கேட்டா நான் எதுக்கு?”

திட்டு மூடப்படுவதற்கு முந்தைய வருஷங்களில் படகுகள் போவதும் வெறும் பெட்டியோடு வருவதுமாக இருந்தனவாம். பாளங்கள் ஆலைக்குள்ளேயே கிடந்து கரைந்தன. வரிசை என்று ஒன்று இல்லை. மிஷின் பாதி நாள் ஓடவில்லை. “அந்த அமைதி இருக்கே, அத நீங்க கேட்டதில்ல. கேட்டிருந்தா என் மிஷின் சத்தத்தப் பாட்டுக் கச்சேரிம்பீங்க” என்று என் புகாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

அந்த நாட்களில்தான் கடல் ஆய்வு நிலையத்துப் பெண் ஒருத்தி ஊருக்கு வந்தாள். நூலக மாடியில் கூட்டம் போட்டு, திரை கட்டி, கடலுக்கடியில் எடுத்த படம் காட்டினாள். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கதவைப் பூட்ட வேண்டிய காவலாளி, இன்னொருவர் ஐஸ்காரக்கா. வேலை இல்லாததால் வந்தேன் என்று அவரே சொல்வார். அந்தப் பெண் மனம் தளராமல் படத்தை முழுக்க ஓட்டிக் காட்டினாள். முடிந்ததும் அக்கா சொன்னார்: “படம் நல்லா இருக்கு கண்ணு. ஆனா கூப்பிட்ட இடத்துக்கு ஜனம் வராது. ஜனம் எங்க நின்னுதான் ஆகணுமோ, அங்க நாம போய் நிக்கணும்.”

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். அந்தப் பெண் சொன்னதில் பாதி அக்காவுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை ஊருக்கே புரியவைத்துவிட்டார். பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிற ஜன்னல், எங்கெல்லாம் மனிதர்கள் நகர முடியாமல் நிற்கிறார்களோ அங்கெல்லாம் பூட்ஸ் சத்தம் கேட்டது. முடிதிருத்தும் கடைகூடத் தப்பவில்லை. கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்தவன் எங்கே ஓடப்போகிறான் என்று, நாற்காலிக்குப் பின்சுவரில் திட்டின் வரைபடத்தை, கரையிலிருந்து பார்க்கிறபடி வடக்கு இடப்பக்கமும் தெற்கு வலப்பக்கமுமாக வரைந்து ஒட்டினார்கள். அதைக் கண்ணாடியில் பார்த்துப் படித்தவர்களுக்கெல்லாம் ஆற்று வாய் தெற்கே போய்விட்டது, பழைய பாலம் வடக்கே வந்துவிட்டது. ஐஸ் வரிசையில் தலைகீழாக ஒப்பிக்கிறவனைப் பார்த்தால், “முடி வெட்டிக்கிட்டு வந்தியா?” என்று கேட்பார் அக்கா. பிறகு வரைபடம் கண்ணாடிக்குப் பக்கத்துக்கு மாறியது.

திட்டை அவர் திட்டு என்று சொல்வதில்லை. ‘பிரசவ வார்டு’ என்பார். “பிரசவ வார்டுக்குள்ள செருப்புப் போட்டுட்டே போக விடமாட்டாங்க. நீ வலையோட போவியா?” என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட முரடனும் கொஞ்சம் தயங்குவான். மார்க்கெட்டில் விரல் நீள மீனைக் குவித்து வைத்திருப்பவர் முன்னால் போய் நின்று, “தொட்டில்லேருந்து தூக்கிட்டு வந்துட்டியா?” என்று மட்டும் கேட்பார். வாங்க வந்தவர்கள் மெல்ல அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாகப் போனது என்று சொல்லிவிட முடியாது. முதல் வருஷம் முடிந்தபோது ஆய்வுப் பெண் திட்டில் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்து, பாறை இடுக்கெல்லாம் மீன் என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஆலைச் சுவரில் ஒரு நீளத் துணி தொங்கியது. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன். கீழே, ‘நம் திட்டில் மீன் பெருகிவிட்டது’ என்று கொட்டை எழுத்து. போதாததற்கு, எந்தப் பாறை, என்ன மீன், எவ்வளவு பெரிது என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கையை அகட்டிக் காட்டினார்.

விளைவு என்ன ஆகியிருக்கும்? திட்டையே மறந்திருந்தவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. தூண்டிலைத் தொட்டே அறியாத கடைக்காரர்கள்கூட விடுமுறை நாளில் வாடகைப் படகு பிடித்துப் போனார்கள். ஆய்வுப் பெண் அழாத குறை. ரோந்துப் படகு இரண்டு வாரம் மூச்சு விடாமல் சுற்றியது.

“தேன்கூட்டக் காட்டிக் குடுத்துட்டுக் கை வைக்காதேன்னு சொல்லிருக்கேன் பாருங்க. என் புத்தியத்தான் ஐஸ்ல வைக்கணும்” என்றார் அக்கா. துணியை அவரே கிழித்து இறக்கிப் பாளங்களின் மேல் போர்த்தினார். இரண்டு நாள் அவர் குரல் குறைந்திருந்தது. எனக்கு வேலை நன்றாக ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை.

மூன்றாம் நாள் பேச்சை மாற்றிவிட்டார். உள்ளே இருப்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வெளியே வருவதை மட்டும் பேசினார். மிதவைக்கு வெளியே எவனாவது பெரிய மீன் பிடித்து வந்தால், வரிசையிலேயே நிறுத்தி, எங்கே மாட்டியது என்று ஊருக்குக் கேட்கச் சொல்லவைத்தார். “மிதவை தாண்டி வெகு தூரத்துல, ஆத்து வாய்க்கு நேரா” என்பான் அவன். “கேட்டுக்கோங்க. வார்டுல பொறந்தது, வளந்து, வெளிய நடந்து வந்து இவன் வலையில விழுந்திருக்கு. கதவத் தொறந்துவிட்டா நடந்து வர ஆள் இருக்காது.” இப்படி ஒவ்வொருவர் வாயாலும் சொல்லவைத்தார். அடுத்தவன் சொன்னால் நம்பாதவன், தானே சத்தமாகச் சொன்ன பிறகு எப்படி நம்பாமல் இருப்பான்?

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சங்கத்தில் ‘பெரிய மோட்டார்’ என்று பட்டப்பெயர் வாங்கிய படகு முதலாளி ஒருவர். குரலும் மோட்டாரும் ஒரே வேகம். “ஐஸ் விக்கிறவங்களுக்குக் கடல் பத்தி என்ன பேச்சு?” என்று போகிற இடமெல்லாம் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு உண்மை இருந்தது. படகு உள்ளவருக்குத்தான் சங்கத்தில் ஓட்டு. மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்திய ஐஸ்காரக்காவுக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டே கிடையாது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அவருக்குப் படவில்லை. “எனக்கு ஒரு ஓட்டு இருந்தா அது ஒண்ணோட போச்சு. இல்லாததாலதான் இத்தனை பேர்கிட்டப் பேசுறேன்” என்றார்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய தம்பி வந்தான்.

ஒரே தம்பி. அம்மா வேலைக்குப் போன நாட்களில் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். பழைய படகு ஒன்று வைத்திருக்கிறான். அதன் எஞ்சின் இருமி இருமி ஓடும். வரிசையில் வந்து நின்று, “ரெண்டு கூடை போதும்க்கா” என்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தூரக் கடலுக்குப் போகிறவர்கள் படகின் ஐஸ் பெட்டியை வாய்வரை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார்கள். திரும்பிவர நாளாகும், மீன் கெட்டுவிடும். இரண்டு கூடை ஐஸோடு போய் மீனோடு திரும்புகிற தூரத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அது மூடிய திட்டு. வரிசையில் நின்ற எல்லாருக்கும் இது தெரியும். துண்டுப் பிரசுரக் கட்டோடு ஓரமாக நின்றிருந்த எனக்கே அதற்குள் தெரிந்திருந்தது.

அக்கா மண்வெட்டியைக் குறுக்கே வைக்கவில்லை. எல்லை எது என்று கேட்கவில்லை. இரண்டு கூடையையும் நிரப்பினார். தம்பி நிமிர்ந்து பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனான்.

“என்னக்கா, அவர்கிட்ட ஒண்ணும் கேக்கல?” என்றான் பின்னால் நின்றவன்.

“உன் கூடையக் கீழ வை” என்றார் அக்கா.

வரிசை கலைந்த பிறகு, கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்துப் பேசினார்.

“அவன் எஞ்சின் தூரம் தாங்காது. வார்டு மூடியே இருந்தா அவன் படகு கரையிலதான் கிடக்கணும். வீட்ல அடுப்பு எரியணும்ல? ஊர்ல அத்தனை பேரையும் மறிச்சேன். இவன மறிக்கக் கை வரல.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் மாடிப்படி ஏறுவதற்குள் வருத்தமாக மாறிவிட்டது. என் தம்பியாக இருந்தால் நான் மூன்று கூடை போட்டிருப்பேன்.

கூட்ட நாள் வந்தது. இந்தச் சங்கத்தில் கை தூக்கிச் சொல்கிற வழக்கம் இல்லை. தூக்கிய கை பக்கத்திலிருப்பவன் முறைத்தால் இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் அனுபவம். அதனால் மண்டபத்தில் கடல் பக்கச் சுவர், ரோட்டுப் பக்கச் சுவர் என்று பிரிந்து போய் நிற்க வேண்டும். திட்டு மூடியே இருக்கட்டும் என்பவர்கள் கடல் பக்கம். திறக்கட்டும் என்பவர்கள் ரோட்டுப் பக்கம். தலைவர் போதும் என்று சொல்லும்வரை யாரும் மனம் மாறி எதிர்ச்சுவருக்குப் போகலாம். படகுக்காரர்களுக்கு நடுவில் நாற்காலி. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம், நின்றுகொண்டு. அக்கா ஆலையிலிருந்து அப்படியே வந்து கடல் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் அங்கே நிற்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை.

ஆய்வுப் பெண் சுருக்கமாகப் பேசினாள். உட்காரும்போது கைதட்டல்கூட வந்தது. உடனே பெரிய மோட்டார் எழுந்தார்.

“ஊருக்குத்தான் உபதேசம். இந்தம்மா தம்பியோட படகு போன வாரம் எங்க போச்சுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க.”

தம்பி நடு வரிசையில் உட்கார்ந்திருந்தான்; அவன் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. படகு திட்டுக்குள் போனதை நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. எனக்குத் தெரியாது என்று அக்கா சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள், மீதிப் பேர் நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். தெரியாது என்றே சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

“திட்டுக்குத்தான் போச்சு” என்றார் அக்கா. முதல்முறையாக அவர் பிரசவ வார்டு என்று சொல்லவில்லை. “ஐஸ் போட்டது நான். ரெண்டு கூடை கேட்டப்பவே எங்க போறான்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். அவன் பண்ணது தப்பு, நான் பண்ணது அதவிடப் பெரிய தப்பு. அதுக்காக எல்லை மாறிடாது. என் மேல கோவம்னா நாளைக்கு ஐஸ் வாங்க வரும்போது எங்கிட்ட காட்டுங்க. மீன்குஞ்சு மேல காட்டாதீங்க.”

பெரிய மோட்டார் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைவர் கையைத் தட்டினார். “சரி, பிரிஞ்சு நில்லுங்க.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெரிய மோட்டாரும் அவருடைய ஆட்களும் ரோட்டுப் பக்கம் போனார்கள். ஐஸ் வரிசையில் ஒப்பித்துப் பழகிய முகங்கள் பலவும் கடல் பக்கம் வந்தன. ஆனால் நான் எதிர்பார்த்த சிலர், அக்காவின் பேச்சைக் கேட்டபின் சங்கடத்தோடு ரோட்டுப் பக்கமே ஒதுங்கினார்கள். இரண்டு சுவரும் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தன. நடுவில் காலி நாற்காலிகளுக்கிடையே ஓர் ஆள் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தான். தம்பி.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனை மறிக்க வராத கை, இழுக்கவும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்தான். உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டான். மண்டபத்தைக் குறுக்கே கடந்து கடல் பக்கம் வந்து, நாற்காலியை அக்காவின் முன்னால் போட்டான்.

“உக்காருக்கா. எவ்வளவு நேரம் நிப்ப?” என்றான். “எஞ்சின் கிடக்கட்டும், பாத்துக்கலாம்.” சொல்லிவிட்டு அவன் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

அவர் கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன். என் கண்ணும்தான். ஆனால் தலைவர் இன்னும் போதும் என்று சொல்லவில்லை. ரோட்டுப் பக்கச் சுவரோரம் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கி ஓரமாக மடக்கிச் சாத்தினார். தம்பியைத் தோளைப் பிடித்து ஒரு முழம் தள்ளி நிறுத்தி, தானும் அந்தப் பக்கம் ஒரு முழம் நகர்ந்துகொண்டு, இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக நிற்கும்படி இடம் பண்ணினார்.